ராஜினாமா கடிதம் எழுதும் முன்: பாலசமுத்திரத்தாருக்குச் சில யோசனைகள்

அர்த்தமுள்ள வாழ்க்கைக்காக வேலையை விடுவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியானால் முதலில் ஒரு வேலையில் சேருங்கள். வேலையே இல்லாதவன் மனசுக்குப் பிடித்ததைச் செய்தால் பாலசமுத்திரத்தில் அதற்குப் பெயர் ஊர்சுற்றுவது. தாசில்தார் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அதையே செய்தால், "பெரிய மனசுய்யா" என்பார்கள்.

வேலை வாங்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து ஆயக்குடியில் மரத்தடியில் தொடங்கிய, அரசுத் தேர்வுக்கான இலவசப் பயிற்சி வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருகிறார்கள். குரூப் 4 எழுதுங்கள், தேறுங்கள், சேருங்கள், சலித்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

சந்தேகம் வந்தால் பழனி மலையைப் பாருங்கள். அங்கே கோவணத்தோடு நிற்கிற ஆண்டி வசதியில்லாத வீட்டுப் பிள்ளையா? அவருக்கும் சாயரட்சைக்கு ராஜ அலங்காரம் உண்டு. பொழுது சாயும்போது திரும்பிப் போட்டுக்கொள்ள ஒரு கிரீடம் இருந்தால் ஆண்டிக்கோலம் யாருக்கும் அழகுதான்.

அடுத்தது வீட்டில் சொல்வது. அப்பாவிடம் நேராகச் சொல்லாதீர்கள். பெரியப்பாவிடம் சொன்னால் போதும். வெற்றிலை எச்சிலைத் துப்பி முடிப்பதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். பிறகு விசாரணை வரும்.

"ஏன் கண்ணு, ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

"இல்லீங்க பெரியப்பா. மனசுக்குப் பிடிக்கலை."

"மனசுக்குப் பிடிக்கலைன்னா மெடிக்கல் லீவு போடு. வேலையை ஏன் விடறே?"

சிரிக்காதீர்கள். அவர் சொன்ன யோசனைக்குப் பின்னால் ஒரு கணித மேதை இருக்கிறார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் ராமானுஜன். மறு ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தான் இன்ன அலுவலகத்துக் குமாஸ்தா, ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார், தேற்றங்கள் பிறகுதான். 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அப்போதும் மனிதர் வேலையைத் தூக்கி எறியவில்லை, துறைமுகத்தில் லீவு வாங்கிக்கொண்டார். முடிவிலியைக் கண்டவரே இப்படி என்றால், உங்களுக்கும் எனக்கும் என்ன அவசரம்?

உ.வே.சாமிநாதையரும் அந்தக் கட்சிதான். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் 50 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பகலில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் ஏடு. 1887இல் சீவகசிந்தாமணி அச்சாகி வந்தது. கல்லூரி வேலை அர்த்தமற்றது என்று அவர் உதறியிருந்தால் ஏடு தேடிப் போகிற வண்டிக்கு யார் வாடகை கொடுத்திருப்பார்கள்?

"எல்லாரும் அப்படியா? விட்டவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் 1969இல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையின் அரசு வேலையை விட்டார். மேடைதோறும் இந்தப் பாதியைச் சொல்வார்கள், மறுபாதியைச் சொல்லமாட்டார்கள். அவர் நேராகக் காட்டுக்குப் போய்விடவில்லை. நோபல் அமைதிப் பரிசு பெற்ற டொமினிக் பியர் என்ற பாதிரியார் தொடங்கிய அமைப்பில் சேர்ந்து களக்காட்டில் வேலை பார்த்தார்.

இன்னொருவர் நம் மாவட்டத்து வத்தலக்குண்டுக்காரர், சி.சு.செல்லப்பா. 1959இலிருந்து 1970 வரை ‘எழுத்து' பத்திரிகை நடத்தினார். தமிழில் புதுக்கவிதை வேர்பிடித்த இடம் அது. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். மனைவியின் நகைகளும் அந்தப் பத்திரிகையில் கரைந்தன என்பார்கள். சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது. அவர் 1998இலேயே போய்விட்டார். செல்லப்பாவின் பிடிவாதத்தை நான் கும்பிடுகிறேன். ஆனால் இந்த வழியில் போகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்து "என் லட்சியம் என்ன?" என்று கேட்டுக்கொண்டால் போதாது. பீரோவைத் திறந்து, "இது யாருடைய நகை?" என்றும் கேட்க வேண்டும். நம் ஊரில் லட்சியவாதிகளைப் பற்றி எழுதியவர்கள் பலபேர். அந்த வீட்டில் அரிசி யார் வாங்கினார்கள் என்று எழுதியவர் அநேகமாக யாரும் இல்லை.

மண்ணுக்குத் திரும்பப் போகிறேன் என்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆசை இங்கேதான் அதிகம். பாலாறு பொருந்தலாறு அணையும் பின்னால் மலையும் அப்படி ஆசை காட்டும். செல்போனில் படம் எடுத்தால் சென்னை நண்பர்கள் பொறாமைப்படுவார்கள். தென்னை வைக்கலாம், 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்திறங்கிய வெள்ளை ஈ ஓலைக்கு அடியில் உங்களுக்கு முன்பே குடியேறியிருக்கும். கொய்யா வைக்கலாம், வரத்து கூடிய வாரத்தில் ஆயக்குடிச் சந்தையில் பெட்டி என்ன விலை போகிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள், பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் தேறினால் நல்ல நாள். தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்கிற சித்தப்பாவிடம் "நிம்மதியா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மண்வெட்டி அவர் கையில்தான் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கடிதம் எழுதத்தான் போகிறீர்கள் என்றால், அரசு ஊழியர்களே, ‘ராஜினாமா' என்ற சொல்லை எழுதாதீர்கள். எழுதினால் பார்த்த சர்வீஸ் அத்தனையும் போய்விடும். இருபது வருடம் முடித்தோ, ஐம்பது வயதைத் தொட்டோ, மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து ‘விருப்ப ஓய்வு' என்று எழுத வேண்டும். அர்த்தமுள்ள வாழ்க்கையைத் தேடுபவர் அதுவரை எப்படிக் காத்திருப்பது என்றால், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது.

தனியார் கம்பெனிக்காரர்கள் பாடு சுலபம். நீங்கள் முடிவு செய்வதற்குள் கம்பெனியே முடிவு செய்துவிடும்.

தைப்பூசத்துக்கு முன்பாக எதையும் வெளியே சொல்லாதீர்கள். பாதயாத்திரையாக வருகிற சொந்தக்காரர்கள் நம் வீட்டுத் திண்ணையில்தான் காலை நீட்டுவார்கள். ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள், சாப்பாடும் நாம்தான் போட வேண்டும். பங்குனி உத்திரமும் கழியட்டும். இன்கிரிமென்ட் ஏறட்டும். பிறகு கடிதத்தை எழுதி, ஆபீசரிடம் போவதற்கு முன் வீட்டுக்காரம்மாவிடம் கொடுங்கள். பேனாவையும் கூடவே கொடுங்கள். அவர் திருத்தித் தருவதைத்தான் ஆபீசில் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு லீவு லெட்டராக இருக்கும்.