முகம் டெய்லருடையது, முதுகு லீயுடையது

மலையகத்தில் பங்களா கட்டிய துரைமாருக்கு ஒரு பொதுவிதி இருந்தது. காற்று நன்றாக வருகிற மேட்டில் பங்களா. மழைத்தண்ணீர் நன்றாக வருகிற பள்ளத்தில் லயம். ‘எலிபன்ட் வோக்’ படத்தில் வரும் பெரிய துரை வைலி இந்த விதியையும் மிஞ்சினவர். யானைகள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குப் போன பாதையின் குறுக்கே பங்களாவைக் கட்டிவிட்டு, யானைதான் சுற்றிப் போகவேண்டும் என்றார். சொல்லிவிட்டுச் செத்தும் போனார். மகன் துரை இங்கிலாந்தில் பெண் கட்டிக்கொண்டு வந்தால், வீட்டில் இன்னும் செத்த மாமனாரின் சட்டம்தான் நடக்கிறது. இரவானால் துரைமார் குடித்துவிட்டு, நடுவீட்டில் சைக்கிள் ஓட்டிப் போலோ ஆடுகிறார்கள். புதுப்பெண் யானைக்கு முன்னால் இவர்களுக்கு அல்லவா பயந்திருக்க வேண்டும்! கடைசியில் வாந்திபேதி வருகிறது, யானைகள் வருகின்றன, பங்களா எரிகிறது. பட்டா, உறுதி எதுவும் இல்லாமல் காணி வழக்கில் ஜெயித்தது யானைக் கட்சி.

படத்துக்கு மூலமான, ரொபர்ட் ஸ்டாண்டிஷ் எழுதிய நாவல் 1948இல் வந்தது. அதே வருடம்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. மறுவருடத்துக்குள் தோட்டத்துச் சனத்தின் வோட்டும் போயிற்று. ஆக, கதையில் யானைக்கு வழியுரிமை கிடைத்த காலத்தில், கொழுந்து எடுத்தவர்களுக்கு இருந்த உரிமையும் பறிபோனது. பாராளுமன்றத்தில் யாருக்காவது தும்பிக்கை இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

1953 தொடக்கத்தில் பாரமவுண்ட் கம்பனி கமராவும் கையுமாக இலங்கையில் வந்து இறங்கியது. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் அப்போது பாப்பரசர் 13ஆம் லியோ 1893இல் நிறுவிய குருமடம் நடந்துகொண்டிருந்தது. உலக ஆசையைத் துறப்பதற்கென்று இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து படித்த இடம். ஹொலிவுட் வந்துபோன இரண்டே வருடத்தில், 1955இல், குருமடம் பூனாவுக்கு இடம் மாறிவிட்டது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அம்பிட்டியவில் ஒரு கதை பரவுவதற்குத் தொடர்பு என்றைக்குத் தேவைப்பட்டது?

படத்தின் நாயகி விவியன் லீ. ‘இங்கிலாந்தின் பெருமை’ என்று கொண்டாடப்பட்டவர் பிறந்தது டார்ஜிலிங்கில், 1913இல். தேயிலை மலைப் பிள்ளைதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாயார் கஞ்சன்ஜங்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம், பிள்ளை அழகாகப் பிறக்கும் என்று. வைத்தியம் பலித்தது. எங்கள் அம்மாமாரும் ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பலனைக் கண்ணாடி சொல்லும். லீ மூன்று வயதில் தாயாரின் நாடகக் குழுவுக்காக மேடையேறிப் பாட்டு ஒப்பித்தார். 1935இல் ‘த மாஸ்க் ஒஃப் வெர்ச்சூ’ நாடகம் லண்டனில் மேடையேறியதும், மறுநாளே பத்திரிகைக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

‘கோன் வித் த விண்ட்’ படத்தின் சம்பளக் கணக்கைத் தோட்டத்து ஆட்கள் ரசிப்பார்கள். லீ 125 நாள் வேலைசெய்து சுமார் 25,000 டொலர் வாங்கினார். கிளார்க் கேபிள் 71 நாள் வந்து 120,000 டொலருக்கு மேல் கொண்டுபோனார். கூடுதல் நாள் நின்றவருக்கு அரைப்பேர்கூடப் போடவில்லை. இலங்கைத் தோட்டங்களில் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்று ஆனது 1984இல்தான். ஹொலிவுட்டுக் கணக்கப்பிள்ளையும் நம்ம கணக்கப்பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போலும். ஒஸ்கார் மட்டும் லீக்கு வந்தது. 1951இல் வெளிவந்த ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ அவருக்கு இரண்டாவது ஒஸ்காரும் வாங்கித் தந்தது.

இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயது 39. கணவர் லோரன்ஸ் ஒலிவியரைத்தான் துரையாக நடிக்கக் கேட்டிருந்தார்கள். அவர் வேறு படத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் பீட்டர் பின்ச் துரையானார். லீக்கு இங்கேயே உடல்நிலை குழம்பியது. ஹொலிவுட் போய்ச் சேர்ந்ததும் முழுதாக நொறுங்கிப்போனார். இருதுருவக் கோளாறு என்று இன்று டாக்டர்மார் பெயர் சொல்கிற நோய். அந்த நோயில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு முழுவதும் கம்பனியின் சிக்கனத்தில் இருக்கிறது.

நாயகியாக எலிசபெத் டெய்லரைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு வயது 21. கிட்டத்தில் எடுத்த காட்சிகளையெல்லாம் ஸ்டூடியோவில் புதிதாக எடுத்தார்கள். ஆனால் இலங்கையில் தூரத்திலிருந்து எடுத்த காட்சிகளைக் கழிக்க மனம் வரவில்லை. மறுபடி கப்பலேறி வருவதா? செலவு என்ன ஆகும்! ஆகவே சில இடங்களில் தூரத்து உருவம் லீ. கிட்டே வந்தால் டெய்லர். ஒரே பெண் முற்றத்தில் நடக்கும்போது 39, படியேறி உள்ளே வந்ததும் 21. தைலம் விற்கிறவனுக்கு இதைவிட விளம்பரம் வேண்டுமா? கூலி வாங்கியும் படத்தில் பெயரில்லாமல் போன அந்தத் தூரத்து உருவத்துக்குப் பக்கத்தில், கூடையும் சுமையுமாக ஒரு கூட்டம் நடக்கிறது. அவர்களுக்குக் கிட்டத்துக் காட்சியே இல்லை என்பதால் மாற்று ஆள் தேடும் செலவும் இருக்கவில்லை.

லீ முடிந்துபோனார் என்று நினைத்தவர்களுக்கு அந்த வருடம் நவம்பரிலேயே பதில் வந்தது. ‘த ஸ்லீப்பிங் பிரின்ஸ்’ நாடகத்தில் மீண்டும் லண்டன் மேடையேறிவிட்டார். 1957இல் செய்தது அதைவிடப் பெரிய நாடகம். செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் கைமணி அடித்துக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார். அது போதாதென்று பிரபுக்கள் சபைப் பார்வையாளர் மாடத்தில் எழுந்து நின்று, பிரபுமாரைப் பார்த்துக் கண்டனக் குரல் எழுப்பினார். அரைத் தூக்கத்தில் இருந்த பிரபுமார் பாவம். அவரை வெளியே கூட்டிப்போன சபைக் காவல் அதிகாரி யார் தெரியுமா? இரண்டாம் உலக யுத்தத்தில் பெரும் படைப்பிரிவுகளையே நடத்திய ஜெனரல் பிரையன் ஹொரக்ஸ். ஹிட்லரின் டாங்கிகளுக்குப் பிறகு அவருக்கு வந்த பெரிய வேலை அது. தியேட்டரை இடித்துத்தான் விட்டார்கள். துரைமார் எங்கே இருந்தாலும் கட்டக்கூடாத இடத்தில் கட்டுவார்கள், இடிக்கக்கூடாததை இடிப்பார்கள்.

1959இல் லீ கிரனாடா தொலைக்காட்சியில் வந்தார். தோர்ன்டன் வைல்டரின் ‘த ஸ்கின் ஒஃப் அவர் டீத்’ நாடகம். 1945இல் மேடையில் செய்த அதே வேலைக்காரி சபீனா வேடம். அந்த நாடகத்தில் பனியுகம் வந்துவிடுகிறது. குளிர் தாங்காமல் ஒரு மாமத் நடுவீட்டுக்குள் வந்து நிற்கிறது. யானையின் பெரியப்பா முறை. யானை வீட்டுக்குள் நுழைகிற படத்தை முடிக்க முடியாமல் போனவர், இந்த முறை கடைசிக் காட்சிவரை நின்றார். மாமத்தைத்தான் முதல் அங்கத்திலேயே வெளியே துரத்திவிட்டார்கள்.