அடுப்பில்லாத கஷாயம்

கேள்வி: பழைய சீன வைத்தியத்துக்கும் இன்றைய மருத்துவ அறிவியலுக்கும் ஒத்துப்போகுமா?

பதில்: ஏட்டைக் கவனித்துப் படிக்க ஆளிருந்தால் ஒத்துப்போகும். வியட்நாம் போரில் தோட்டாவோடு போட்டி போட்டு மலேரியாவும் வீரர்களைச் சாய்த்தது. 1967-ல் சீனா ரகசியமாக மருந்து தேடத் தொடங்கியது. 1969-ல் அந்தப் பணியில் சேர்ந்த விஞ்ஞானி தூ யூயூ பழைய ஏடுகளைப் புரட்டினார். சூடாக்கி எடுத்த 'சிங்ஹாவ்' மூலிகைச் சாறு ஒரு முறை பலித்தது, மறுமுறை ஏமாற்றியது. 4-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பிலோ அடுப்பே இல்லை! தழையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்க வேண்டும், அவ்வளவுதான். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தூவுக்குப் பொறிதட்டியது. ஈதரில், குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். 1971-ல் எலிகளின் மலேரியா முழுதாக ஓடியது. தாமும் குழுவினரும் குடித்துப் பார்த்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். அந்தச் சாற்றிலிருந்த மருந்துதான் ஆர்டெமிசினின். 2015-ல் நோபல் பரிசு தேடி வந்தது.

ஏடு வழி சொன்னது, சோதனைக்கூடம் சாட்சி சொன்னது. பாட்டி சொல்லைத் தட்டவும் வேண்டாம். சோதிக்காமல் விழுங்கவும் வேண்டாம்!