முத்திரை போச்சு, முகம் வந்தாச்சு

கேள்வி: போடி ஏலக்காய்க்கு ஆர்டர் பிடிக்க ஹாம்பர்க் போகிறேன். ஐரோப்பாவில் பாஸ்போர்ட்டில் இனி முத்திரை குத்தமாட்டார்களாமே? எப்படித் தயாராவது?
– ஏலக்காய் வியாபாரி, மயிலாடும்பாறை

பதில்: உண்மைதான். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கி, 29 ஷெங்கன் நாடுகளில் முத்திரை வேலையைக் கம்ப்யூட்டர் படிப்படியாக எடுத்துக்கொண்டது. விசாவுக்குக் கொடுத்த கைரேகை உங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். முகத்தைப் புதிதாகப் படம் பிடிப்பார்கள். ரேஷன் கடைக் கருவியில் பதியாத விரல் என்றால் வரிசையில் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகலாம்.

பிராங்க்பர்ட்டில் விமானம் மாறினால் சோதனை அங்கேயே. அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள். துபாய் வழி நேரே போனால் ஹாம்பர்க்கில்தான். அழைப்புக் கடிதம், ஹோட்டல் பதிவு, இன்சூரன்ஸ், திரும்பும் டிக்கெட் எல்லாம் காகிதமாகக் கைப்பையில் இருக்கட்டும். செல்போனில் சார்ஜ் தீரும் நேரத்தில்தான் அதிகாரி கேட்பார்! 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். விசாவில் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே கணக்கு. முத்திரை மங்கும், கம்ப்யூட்டர் ஒரு நாளையும் விடாது.

இந்தக் கம்ப்யூட்டர் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ‘ஈட்டியாஸ்’ வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது விசா தேவைப்படாத நாட்டவருக்கான முன் அனுமதி.