சல்லடையில கோளாறு இல்லலே

ஏலே பேராண்டி, ராத்திரி பூரா லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு, ‘மெயில் சர்வர் மக்கர் பண்ணுது தாத்தா’ன்னு மூக்கைச் சிந்துத. அது பாவம்லே, சொன்னதைச் செய்யுத கழுதை. சொன்னது நீதானே?

முப்பது வருசம் தபால் பிரிச்சவன் சொல்லுதேன், கேளு. மெயிலைப் பிரிக்க நீ ரூல் எழுதுத பாஷைக்குப் பேரே சல்லடைதானாமே, ‘சீவ்’. 2008-லயே ஆர்எஃப்சி 5228-ன்னு விதியெல்லாம் எழுதி வச்சிட்டானாம். நீ எங்க படிச்ச?

‘ஹெடர்’, ‘இஸ்’, ‘ஃப்ரம்’னு போட்டு வெறும் முகவரியை எழுதிருக்க. அந்த வரியில முகவரி மட்டுமா இருக்கு? முன்னால அனுப்புன மகராசன் பேரு, அப்புறம் கோண அடைப்புக்குள்ள முகவரி. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனாத்தான் ‘இஸ்’ தலையாட்டும். ‘அட்ரஸ்’னு கேட்டிருந்தா பேரை உரிச்சுப் போட்டுட்டு முகவரியை மட்டும் எடுத்திருக்கும்.

உடனே ‘கன்டெயின்ஸ்’னு மாத்திப்புட்ட, பெரிய கெட்டிக்காரன்! இப்ப ரவிக்கு வச்ச ரூல்ல குருரவியும் வந்து விழுதான். ‘இஸ்’ல நட்சத்திரம் வேற போட்டுப் பாத்திருக்க. அங்க அது வெறும் பூவுலே. ‘மேட்சஸ்’ல வச்சாத்தான் எதை வேணாலும் விழுங்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு மூணு தடவ அடிச்சு அடிச்சு எழுதினியே, நீ ஒண்ணும் சொல்லலேன்னா அது அந்த வித்தியாசமே பாக்காது. வெட்டி வேலை.

டொமைனும் அப்படித்தான். கம்பெனி பேருக்கு முன்னால ‘மெயில்’னு ஒரு கொம்பும் புள்ளியும் மொளைச்சிட்டா, ‘இஸ்’ஸுக்கு அது வேத்தூரு.

பிசிசி-ல வந்த கடுதாசிக்கு ‘டூ’ வரியில உன் பேரைத் தேடுதியே, அங்கதான் எனக்குச் சிரிப்பு. உள்ள ‘அன்புள்ள அத்தைக்கு’ன்னு எழுதியிருந்தாலும் நான் கவர் மேல இருக்க வீட்டுக்குத்தானே குடுத்தேன்? அந்தக் கவரைப் பாக்கதுக்குத்தான் ‘என்வலப்’. மொத வரியில ‘ரிக்வயர்’னு அதுக்கு அனுமதி கேக்காம விட்டா ஸ்கிரிப்ட்டே ஏறாது.

டவ்காட் சர்வர்தானே ஓட்டுத? வராத மெயிலை ஒரு ஃபைலாச் சேமிச்சு, ‘சீவ்-டெஸ்ட்’டுக்கு ஸ்கிரிப்ட்டோட சேர்த்துக் குடு. எதையும் எங்கயும் தள்ளாது, என்ன பண்ணிருப்பேன்னு மட்டும் சொல்லும்.

இரு, இரு. உன் ரூலுக்கு மேல ஏழாவது வரியில ‘ஸ்டாப்’னு ஒண்ணு நிக்கே, அதை எவன்லே போட்டான்? ...போன மாசம் நீயேவா? சரி சரி, ஆச்சி காப்பி போட்டுட்டா. ஆறிரப் போகுது, வா.