வரையாட்டுக்கு விடுமுறை

கேள்வி: பிப்ரவரியில் மூணாறு போகிறோம். இரவிகுளம் தேசியப் பூங்காவை அப்போது மூடிவிடுவார்களாமே, டிக்கெட் எடுப்பவரைத் தடுப்பது நியாயமா?
– ஒரு வாசகி, சேலையூர்

பதில்: நியாயம்தான். நம் மாநில விலங்கான வரையாடு குட்டி போடும் பருவம் அது. பிரசவ வார்டுக்குள் சுற்றுலாப் பேருந்து விடுவார்களா? பூங்காவின் ராஜமலைப் பகுதியில் சாலையோரமே மேய்கிறதே, அதற்கென்ன பயம் என்பீர்கள். தாய் பழகியிருக்கலாம், பிறந்த குட்டி மனிதரை இப்போதுதான் பார்க்கிறது. கூட்டத்தைக் கண்டு மந்தை மிரண்டு பாறைச் சரிவில் ஓடினால், கால் உறைக்காத குட்டி பின்தங்கிவிடும். சுமார் 97 சதுர கி.மீ. பூங்காவில் நமக்குத் திறப்பதே ஒரு சிறு பகுதி. அதையும் ஏறக்குறைய இரண்டு மாதம்தான் அடைக்கிறார்கள். ஏப்ரலில் போங்கள், குட்டிகளையும் சேர்த்தே பார்க்கலாம். அதுவரை பொறுக்காதென்றால் பிப்ரவரியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது.