இடம் பார்க்கும் அண்ணன்

ஓசூர் சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்த அண்ணனைப் பார்க்கலாம். பெரும்பாலும் குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் இருப்பார். வாரம் முழுக்க நட்டு, போல்ட்டு, பல்சக்கரங்களை ‘ரிஜெக்ட்’ செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மலை, ஏரி, ஆறுகளை ரிஜெக்ட் செய்வார். கூடாரம் போட நல்ல இடம் தேடுகிறாராம்.

அவரிடம் நான்கு பேர் படுக்கும் டென்ட் ஒன்று இருக்கிறது. தள்ளுபடியில் வாங்கியது, விலைச்சீட்டுகூட இன்னும் கிழியவில்லை. பைக்கின் பின்னால் கட்டப்பட்டு அது தளியைப் பார்த்திருக்கிறது, ராயக்கோட்டையைப் பார்த்திருக்கிறது. மண்ணைத்தான் பார்த்ததில்லை.

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரிதான் அண்ணன் நடந்துகொள்வார். போன இடத்தில் டீயும் போண்டாவும் முடியும்வரை முகம் மலர்ந்திருக்கும். அப்புறம் மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார், காற்றுக்கு விரலைத் தூக்குவார், “பசங்ககிட்ட பேசிட்டுச் சொல்றேன்” என்று வண்டியைக் கிளப்பிவிடுவார்.

இத்தனைக்கும் அவர் சொல்லும் விதிகளில் ஒன்றும் பிழையில்லை. ஆற்று மணலில் படுக்காதே: இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மேலே எங்காவது பெய்த மழை ராத்திரியில் வந்து எழுப்பும். பட்ட கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் தேங்கும், உச்சியில் போட்டால் காற்று பிடுங்கும், நடுவில் மேடாகப் பார். தண்ணீர் பக்கத்தில் இருக்கணும், ஆனால் ஒட்டியே இருக்கக் கூடாது, விலங்குகளும் அங்கேதான் குடிக்க வரும். எல்லாம் சரிதான். எல்லா விதியும் ஒரே இடத்தில் கூடி வந்தால்தான் அவர் கையெழுத்துப் போடுவார் என்பதில்தான் சிக்கல்.

கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருவின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு இங்கே வருகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் ஆள் உயரத்துக்கு நுரை. “சோப்பு செலவு மிச்சம்ணே” என்றான் ஒரு பையன். அண்ணன் சிரிக்கவில்லை. ரிஜெக்ட்.

கிருஷ்ணகிரி அணையில் பொரித்த மீன் மணத்தது, கூட்டமும் நெரிந்தது. மீன் ஓகே, இடம் ரிஜெக்ட். ராயக்கோட்டை மலைக்கோட்டை, 1791-ல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் பிடித்தது. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அங்கே டென்ட் அடிக்க முடியாது. “காரன்வாலிஸ் படைக்கே கிடைச்ச இடம், நமக்குக் கிடைக்கலையே” என்று பெருமூச்சு விட்டார். அஞ்செட்டிப் பக்கத்துக் காடு 2014-லிருந்து காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. எல்லை தாண்டி பீமேஸ்வரிக்குப் போனால் கர்நாடக அரசு நிறுவனமே காவிரிக் கரையில் கூடாரம் போட்டு வைத்திருக்கிறது. கட்டில், மெத்தை, விளக்கு, மூன்று வேளை சாப்பாடு. “அடுத்தவன் பார்த்து வெச்ச இடத்துல படுக்கறதுக்கு லாட்ஜுக்கே போகலாமே!” அதுவும் ரிஜெக்ட்.

ஒருவழியாக ஐப்பசிக் கடைசியில் சானமாவுப் பக்கம் அப்படி ஓர் இடம் கிடைத்தது. மேடான நிலம், எட்டி நடந்தால் ஏரி, பசுமையான புளியமரங்கள், காற்றைத் தடுக்க ஒரு பாறை, சுற்றிலும் முற்றிய ராகி. அண்ணன் செக்லிஸ்ட்டை இரண்டு முறை சரிபார்த்தார். கை நடுங்கியது. பரணுக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்த நிலத்துக்காரப் பெரியவரிடம் அனுமதி கேட்டார்.

“தங்கறதுக்கா? நல்ல இடம்தான் சாமி. தளிப் பக்கமிருந்து வர்றவங்களும் இங்கதான் தங்குவாங்க.”

“அப்படியா! எத்தனை பேரு வருவாங்க?”

“நாப்பது, அம்பது பேரு. குட்டிங்களும் கூட வரும். ராகி அறுக்கற சமயத்துக்குச் சரியா வந்துடுவாங்க.”

“சாப்பாடு?”

“எல்லாம் என் கொல்லையிலதான்.”

“காசு கொடுப்பாங்களா?”

“அவங்க எங்க கொடுக்கறது? ஃபாரஸ்ட் ஆபீசுல மனு கொடுத்தா நஷ்டஈடுன்னு ஏதோ வரும்.”

அண்ணனின் பேனா நின்றது. பெரியவர் பரணையும் பட்டாசுப் பையையும் காட்டினார். பன்னேர்கட்டாவிலிருந்து புறப்பட்டு, ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று காடு காடாக இறங்கி, ராகி முற்றும் நாளைக் கணக்குப் பார்த்து ஆண்டுதோறும் வருகிற யானைக் கூட்டம். தண்ணீர், நிழல், மேடு, சாப்பாடு என்று அவற்றின் செக்லிஸ்ட்டும் கிட்டத்தட்ட இதேதான்.

பையன்கள் பைக்கை நோக்கி ஓடினார்கள். அண்ணன் மட்டும் நிதானமாக வந்தார். முகத்தில் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது.

“பார்த்தீங்களாடா? காலங்காலமா வர்ற யானையே அப்ரூவ் பண்ணின இடம்! என் செலக்‌ஷன்ல இனிமே எவனாவது குறை சொல்லுங்க பார்ப்போம்.”

“அப்ப டென்ட்டை இறக்கட்டுமாண்ணே?”

“வண்டியை எடுடா. ஏற்கெனவே புக்கிங் ஆயிருக்குல்ல?”