செங்கல்லில் செங்கல் கிடைக்குமா?

கே: பாறசாலைப் பக்கம் 'செங்கல்' என்றே ஓர் ஊர் இருக்கிறதாமே. அங்கே போனால் விலை குறையுமா? (வீடு கட்டுபவர், மார்த்தாண்டம்)

ப: லாரியோடு கிளம்பிவிடாதீர்கள். நமக்குச் செங்கல் என்றால் சூளையில் சுட்டது. மலையாளத்தில் அதற்கு 'இஷ்டிக' என்று பெயர். அவர்கள் 'செங்கல்லு' என்பது மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் வெட்டுகல். வெட்டும்போது இளகி இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும், சூளை வேண்டாம். இதற்கு லேட்டரைட் என்று 1807-இல் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். 'லேட்டர்' என்றால் லத்தீனில் செங்கல்! குழப்பம் நம்மோடு நிற்கவில்லை. லேட்டரைட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதும் மாணவருக்குத் தாத்தா வீட்டுச் சுவர் அதுதான் என்று தெரியாது.

கே: 'பசுமைக் கட்டுமானம்' எங்களுக்கு ஒரு பாடம். ஏசி அறையில் காற்றோட்டம் பற்றி ஸ்லைடு போட்டே முடித்துவிட்டார்கள். (சிவில் மாணவி, நெய்யாற்றின்கரை)

ப: ஸ்லைடில் கலவை ஒட்டாது. விளப்பில்சாலையில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பெயரிலேயே வாழிடக் கல்வி மையம் இருக்கிறது. அங்கே போய் எலிப்பொறிக் கட்டு கட்டிப் பாருங்கள். செங்கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்த வேண்டும். ஒன்பது அங்குலச் சுவருக்கு நடுவே பொந்து விழும். கல்லில் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், வெயிலும் உள்ளே சீக்கிரம் இறங்காது. புதிதாகக் கட்டுபவர் கரண்டியை வீசினால் கலவை பாதி பொந்துக்குள் போய்விடும். விஷயம் தெரிந்த கொத்தனார் பொந்தின்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டு கலவை போடுவார். அந்தப் பலகைத் துண்டுக்கு மதிப்பெண் தரும் வினாத்தாளை நான் இன்னும் பார்க்கவில்லை.

கே: எலிப்பொறிச் சுவரில் எலி வருமா? (குலசேகரம்)

ப: பெயர் மட்டும்தான். எலிக்கு வாசல் வைப்பதில்லை.

கே: வெள்ளைக்காரர் வந்துதானா நமக்கு வீடு கட்டச் சொல்லித்தர வேண்டும்? (பாறசாலை)

ப: பேக்கர் 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர், 1989-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார், 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். பித்தோரகட் மலை மக்களிடமும் நம் ஊர் வேலைக்காரர்களிடமும் கற்றதைத்தான் நமக்கே திருப்பிக் கொடுத்தார். நாம் அதை 'பேக்கர் மாடல்' என்று ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டோம்.

கே: சிமெண்டை அடியோடு விட்டுவிட முடியுமா? (காரக்கோணம்)

ப: முடியாது, குறைக்கலாம். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே கார்பன் டை ஆக்சைடு கிளம்பும்; சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் அது வரத்தான் செய்யும். உலகக் கார்பன் உமிழ்வில் சுமார் 8 சதவீதம் சிமெண்டின் கணக்கு. குறைக்க ஒரு வழி: கூரைத் தளத்தின் கீழ்ப்பாதியில் உழைப்பதெல்லாம் கம்பி. அங்கே கான்கிரீட் பெரும்பாலும் ஓசிப் பயணி. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்தால் பாரமும் செலவும் குறையும். கம்பிக் கணக்கைப் பொறியாளர்தான் போட வேண்டும், மச்சான் அல்ல.

கே: குமரி மலையை உடைத்துக் கேரளத்துக்கு ஏற்றுகிறார்களே, இதுவும் பசுமையா? (களியக்காவிளை)

ப: ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளில் கட்டு என்று காந்தி சொன்னதாக பேக்கர் நினைவுகூர்வார். பாறசாலையில் நின்று ஐந்து மைல் வட்டம் போட்டால் உங்கள் ஊரும் உள்ளே வந்துவிடும்! 1956-இல் போட்ட எல்லைக்கோடு மலைக்குத் தெரியாது. மாணவர்களை ஒரு பகல் உங்கள் சோதனைச் சாவடியில் நிறுத்தி, கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகளை எண்ணச் சொல்லுங்கள். அதுவும் பாடம்தான்.

கே: படிப்பு முடிந்ததும் மண்சுவர் வீடுதான் கட்டுவேன் என்கிறான் மகன். யார் பெண் கொடுப்பார்கள்? (ஒரு தாய், உதியன்குளங்கரை)

ப: நெய்யாற்றின்கரை அம்மச்சிப் பிலா என்ற பலாமரத்தின் பொந்தில் ஒளிந்திருந்த மார்த்தாண்ட வர்மாவுக்கு ராஜ்யமே கிடைத்ததாகக் கதை. உங்கள் மகன் கூரையாவது போடுகிறான் அம்மா. அடித்தளத்தைக் கருங்கல்லில் உயர்த்தி, கூரை விளிம்பை நன்றாக நீட்டச் சொல்லுங்கள். நமக்கு மழை வருஷத்தில் இரண்டு தடவை. பெண் வீட்டாரை அதில் ஒரு மழையில் வரச் சொல்லுங்கள்.